முதல் சதம் அடித்தவர். இருமுறை தண்டிக்கப்பட்டவர்: லாலா அமர்நாத்

புது தில்லி: டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவின் முதல் சதத்தை அடித்தவர் யார் என்ற கேள்விக்கு விடை லாலா அமர்நாத் என்பதைப் பொது அறிவுத் தேர்வு எழுதும் மாணவர்கள்கூட அறிவர். அந்தச் சதத்துக்குப் பிறகு டெஸ்ட் போட்டிகளில் அவர் மற்றொரு சதம் அடிக்கவே இல்லை என்பதை அறிந்தவர்கள் குறைவு. 1933 டிசம்பரில் தொடங்கி 1952 டிசம்பரில் முடிந்த 19 ஆண்டு டெஸ்ட் வாழ்வில் அவருக்குக் கிடைத்தவை 24 ஆட்டங்கள் மட்டுமே. எடுத்த ரன்கள் 878, சராசரி 24.38. பேட்ஸ்மேன் என்ற பெயருடன் அணியில் இடம்பெற்ற ஒருவருக்கு இது பெரிய கணக்கன்று.

எனினும் அவரை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. மன்னர்களும் ஜமீன்தார்களும் அவர்களுக்கு நெருக்கமான அதிகாரிகளும் அணியைத் தீர்மானித்த காலத்தில், பட்டமோ பரம்பரைச் செல்வமோ இல்லாத அமர்நாத் இருமுறை தண்டிக்கப்பட்டார். இருமுறையும் திரும்பி வந்தார். அதற்குப் பெருமளவில் துணை நின்றது, இரண்டாவது தொழிலாக அவர் கைக்கொண்டிருந்த மிதவேகப் பந்துவீச்சு. டெஸ்ட் போட்டிகளில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 45. பேட்டிங்கில் சரிவு நேர்ந்த ஆண்டுகளில் பந்துவீச்சு அவரைத் தாங்கியது. அவரை மட்டுமன்றி, வேகப் பந்துவீச்சாளர்களே இல்லாமல் தவித்த இந்திய அணியையும் தாங்கியது.

கபூர்தலாவிலிருந்து லாகூர்: பஞ்சாபின் கபூர்தலாவில் 1911 செப்டம்பர் 11-ம் தேதி எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அமர்நாத் பரத்வாஜ். லாகூரில் வளர்ந்த சிறுவனின் ஆட்டத்தைக் கண்டு அவரை ஆதரித்தது, கிரிக்கெட்டில் ஈடுபாடு கொண்ட ஒரு முஸ்லிம் குடும்பம். பின்னாளில் பாட்டியாலா சமஸ்தானத்தின் ஆதரவும் கிடைத்தது. அன்றைய நிலையில் ஏழை ஆட்டக்காரர் ஒருவருக்கு வேறு வழி இருக்கவில்லை. கிரிக்கெட்டில் ஊதியம் கிடையாது. சமஸ்தானம் ஏதேனும் ஒரு வேலை தந்தால்தான் ஆட்டமும் தொடரும், அடுப்பும் எரியும். ஆதரவு தந்த அரண்மனைக்குப் பணிந்து நடப்பது எழுதாத விதி. அந்த விதிக்கு முழுமையாகக் கட்டுப்படாதவராக அமர்நாத் இருந்தார்.

பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் 1933 டிசம்பரில், டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துக்கு எதிராக இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் நடைபெற்றது. அதுவே அமர்நாத்தின் முதல் டெஸ்ட், வயது 22. முதல் இன்னிங்ஸில் 38 ரன் எடுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா 21 ரன்னுக்கு 2 விக்கெட்டுகளை இழந்திருந்த நிலையில் கேப்டன் சி.கே. நாயுடுவும் அவரும் இணைந்து 186 ரன் சேர்த்தனர். சுமார் இரண்டு மணி நேரத்தில் சதத்தைக் கடந்த அமர்நாத் 118 ரன் எடுத்தார். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து அவருக்கு மாலை சூட்டியது. பெண்கள் நகைகளைக் கழற்றிப் பரிசளித்தனர். ஆட்டத்தில் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆயினும் ஆட்சியாளர்களின் அணிக்கு எதிராக ஓர் இந்தியர் அடித்த சதம், நாட்டின் அன்றைய மனநிலையில் ரன் கணக்கைக் காட்டிலும் பெரிதாகப் பார்க்கப்பட்டது. சென்னை சேப்பாக்கம் மைதானத்தின் முதல் டெஸ்டான, 1934 பிப்ரவரியில் நடைபெற்ற அத்தொடரின் கடைசி ஆட்டத்திலும் அவர் ஆடினார். அடுத்த டெஸ்டுக்கு 12 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

லார்ட்ஸில் நடந்தது: 1936-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்கு விஜி என அழைக்கப்பட்ட விஜயநகரம் மகாராஜகுமார் கேப்டனாகத் தேர்வு செய்யப்பட்டார். ஆந்திரத்தின் விஜயநகரம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த இவர், ஜாக் ஹாப்ஸ், ஹெர்பர்ட் சட்கிளிஃப் போன்ற இங்கிலாந்து வீரர்களைத் தமது செலவில் இந்தியாவுக்கு அழைத்துவந்தவர். கிரிக்கெட் புரவலர் என்ற முறையில் அவரது பணி குறிப்பிடத்தக்கது. ஆனால் டெஸ்ட் தரத்து ஆட்டக்காரர் அல்லர். அந்தத் தொடரின் மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்த ரன்கள் 33. நாயுடுவின் அனுபவத்தைப் புறந்தள்ளி அவருக்குத் தலைமை வழங்கப்பட்டதால் அணி இரு பிரிவாகக் கிடந்தது.

அப்பயணத்தில் மிகச் சிறந்த ஆட்டநிலையில் இருந்தவர் அமர்நாத். எஸ்ஸெக்ஸ் அணிக்கு எதிராக இரு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ஜூன் மாத நடுப்பகுதிக்குள் 600-க்கு மேற்பட்ட ரன்களும் 30-க்கு மேற்பட்ட விக்கெட்டுகளும் அவர் கணக்கில் இருந்தன. பேட்ஸ்மேனாகவும் பந்துவீச்சாளராகவும் ஒரே சமயத்தில் அணிக்கு இன்றியமையாதவராக இருந்த அந்த நேரத்தில்தான் மோதல் வெடித்தது. லார்ட்ஸில் மைனர் கவுண்டிகள் அணிக்கு எதிரான ஆட்டத்தில், களமிறங்கத் தயாராகக் கால்காப்பு கட்டி அமர்ந்திருந்த அவரைக் காக்கவைத்துவிட்டு மற்றவர்களை ஒவ்வொருவராக அனுப்பினார் கேப்டன். ஆட்டம் முடியும் தறுவாயில்தான் அவருக்கு வாய்ப்பு வந்தது. திரும்பி வந்த அமர்நாத் உடைமாற்றும் அறையில் தமது பொருள்களை வீசியெறிந்து, பஞ்சாபியில் கோபத்தைக் கொட்டினார்.

விஜியும், அணி மேலாளராக இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி மேஜர் பிரிட்டன் ஜோன்ஸும் உடனே முடிவெடுத்தனர். ஒழுங்கீனம் என்ற குற்றச்சாட்டின் பேரில், முதல் டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே அமர்நாத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். விசாரணை இல்லை; விளக்கம் கேட்கவும் இல்லை. சக ஆட்டக்காரர்கள் பரிந்து பேசியும் பலனில்லை. அந்தப் பயணக் காலத்திலேயே விஜிக்குப் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் வழங்கியது. டெஸ்ட் தொடரை இந்தியா 0-2 என இழந்தது.

தாயகத்தில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமான்ட் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1937 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை அமர்நாத் மீதான நடவடிக்கையை நியாயப்படுத்தவில்லை. களத்தில் ஆள்களை நிறுத்துவதிலும் பந்துவீச்சாளர்களை மாற்றுவதிலும் விஜிக்குத் தேர்ச்சி போதாது என்பதை அந்த அறிக்கை மறைக்காமல் கூறியது. நீதி கிடைத்தது, ஆனால் தவறவிட்ட டெஸ்டுகள் கிடைக்கவில்லை. அடுத்து உலகப் போர் குறுக்கிட்டது.

மதவாரியாக அணிகள் பிரிந்து ஆடிய பம்பாய் ஐந்து அணிப் போட்டியில் 1938-ல் இந்துக்கள் அணிக்காக அவர் 241 ரன் குவித்தார். மத அடிப்படையிலான அப்போட்டியைக் காந்தியடிகள் எதிர்த்தார் என்பதும் வரலாறு. அமர்நாத்தின் சிறந்த பேட்டிங் ஆண்டுகள் பெரும்பாலும் இப்படி உள்நாட்டு ஆட்டங்களிலேயே கரைந்தன.

பந்து காப்பாற்றிய காலம்: 1946-ல் இந்திய அணி மீண்டும் இங்கிலாந்து சென்றபோது அமர்நாத்துக்கு 34 வயது. அதற்குள் அணியின் நிலை மாறியிருந்தது. முதல் டெஸ்டுகளில் இங்கிலாந்தை அச்சுறுத்திய வேகப்பந்து இணையில் அமர்சிங் 1940-ல் மறைந்துவிட்டார். முகமது நிசாரின் டெஸ்ட் காலம் 1936-உடன் முடிந்திருந்தது. புதிய பந்தை வீசத் தகுந்த ஆள் இல்லை. விஜய் ஹசாரே, அமர்நாத் போன்ற பேட்ஸ்மேன்களே அப்பணியை ஏற்க வேண்டியதாயிற்று.

அமர்நாத்தின் பந்துவீச்சு பார்வைக்கு எளியது. ஓட்டம் சிறியது, வேகம் மிதமானது. வலக்கையால் வீசுவோர் வழக்கமாக இடக்காலை முன்னூன்றி வீசுவர். அமர்நாத்தோ வலக்கால் ஊன்றிய நிலையிலேயே பந்தை விடுவித்துவிடுவார். பந்து எப்போது கையை விட்டு நீங்கும் என்பதை எதிராளி கணிப்பது இதனால் கடினமாயிற்று. பேட்ஸ்மேனை நோக்கிக் கடைசி நேரத்தில் உள்ளே வளையும் பந்து அவரது முதன்மை ஆயுதம். எப்போதாவது வெளியே திரும்பும் பந்து துணை ஆயுதம். அனைத்துக்கும் மேலாக, ரன் கொடுக்காமல் மணிக்கணக்கில் வீசும் பொறுமை அவரிடம் இருந்தது. டெஸ்ட் வாழ்வு முழுவதையும் கணக்கிட்டால் ஓர் ஓவருக்கு இரண்டு ரன்களைச் சற்றே கடந்த அளவிலேயே அவர் கொடுத்திருக்கிறார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் அவமதிக்கப்பட்ட அதே லார்ட்ஸ் மைதானத்தில் 1946 ஜூன் மாதம் முதல் டெஸ்ட் நடைபெற்றது. இந்தியா 200 ரன்னில் சுருண்ட பிறகு பந்தைக் கையில் எடுத்த அமர்நாத், ஹட்டன், வாஷ்புரூக், காம்ப்டன், ஹாமண்ட் ஆகிய நால்வரையும் வெளியேற்றினார். அன்றைய இங்கிலாந்து பேட்டிங்கின் முதுகெலும்பே அவர்கள்தாம். 57 ஓவர்கள் வீசி 118 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். பகுதிநேரப் பந்துவீச்சாளர் என்று கருதப்பட்டவர் ஒரே இன்னிங்ஸில் 57 ஓவர் வீசினார் என்பதே அணியின் வறுமைக்குச் சான்று. மான்செஸ்டரில் 51 ஓவர்களில் 96 ரன்னுக்கு 5 விக்கெட். அதுவே அவரது சிறந்த டெஸ்ட் பந்துவீச்சு. மறுமுனையில் வினு மன்கட் மீதமிருந்த ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். தொடரில் அமர்நாத்தின் மொத்தக் கணக்கு 13 விக்கெட்.

சுதந்திர நாட்டின் முதல் கேப்டன்: நாடு விடுதலை பெற்ற சில வாரங்களிலேயே இந்திய அணி ஆஸ்திரேலியா புறப்பட வேண்டியிருந்தது. கேப்டனாகத் தேர்வான விஜய் மெர்ச்சண்ட் உடல்நலக் குறைவால் விலக, தலைமை அமர்நாத்துக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன், கபூர்தலாவின் எளிய வீட்டுப் பிள்ளை. ஆனால் அந்தப் பெருமை வந்த நேரம் கொடியது. பிரிவினைக் கலவரங்களால் அவர் வளர்ந்த லாகூர் அவருக்கு அந்நிய நாடாகிவிட்டது. அணிக்குத் தேர்வாகியிருந்த லாகூர் வேகப்பந்து வீச்சாளர் பசல் மகமூத் பாகிஸ்தானைத் தேர்ந்துகொண்டார். இருந்த ஒரே உண்மையான வேகப்பந்து வீச்சாளரையும் இழந்து அணி புறப்பட்டது. 1948 ஜனவரி 30-ம் தேதி காந்தியடிகள் சுட்டுக்கொல்லப்பட்டபோதும் அணி ஆஸ்திரேலியாவில்தான் இருந்தது. அடிலெய்டில் நான்காவது டெஸ்ட் முடிந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன.

டெஸ்ட் தொடரை இந்தியா 0-4 என இழந்தது. டான் பிராட்மன் மட்டும் 715 ரன் குவித்தார். மாநில அணிகளுக்கு எதிராக அமர்நாத்தின் பேட்டிங் உச்சத்தில் இருந்தது. விக்டோரியா அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 228 ரன் எடுத்தார். டெஸ்டுகளிலோ நேர்மாறு: 10 இன்னிங்ஸில் 140 ரன்கள் மட்டுமே. வேறொரு கேப்டனாக இருந்திருந்தால் இந்தக் கணக்கே பதவியைப் பறித்திருக்கும். பந்துவீச்சில் அவர் 13 விக்கெட் எடுத்து, இந்திய அணியின் சராசரிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். பிரிஸ்பேனில் 185 ரன் எடுத்திருந்த பிராட்மன், அமர்நாத்தின் பந்தில் ஹிட் விக்கெட் முறையில் வெளியேறினார். பிராட்மன் தமது டெஸ்ட் வாழ்வில் அம்முறையில் ஆட்டமிழந்தது அந்த ஒரே ஒரு முறைதான். தோற்ற அணியின் கேப்டனாக நாடு திரும்பிய அமர்நாத்தை, நல்லெண்ணத் தூதராக நடந்துகொண்டவர் எனப் பிராட்மன் பின்னர் தமது நூலில் பாராட்டினார்.

மீண்டும் தண்டனை: 1948-49-ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியா வந்தது. தொடரை 0-1 என இழந்தபோதும், பம்பாயில் நடந்த கடைசி டெஸ்டில் வெற்றிக்கு 6 ரன் மட்டுமே தேவைப்பட்ட நிலையில் நேரம் முடிந்து ஆட்டம் டிராவானது. விக்கெட் கீப்பர் சென் காயமுற்றதால் அந்த ஆட்டத்தில் கேப்டனே கையுறை அணிந்து நின்றார். தொடர் முடிந்த சில வாரங்களில், 1949 ஏப்ரலில், கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அவரை இடைநீக்கம் செய்தது.

வாரியத்தின் தலைவர் அப்போது அந்தோணி டி மெல்லோ. ஒழுங்கு மீறல், தவறான நடத்தை என 23 குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. ஆட்டக்காரர் ஒருவரை அணியில் சேர்ப்பதற்காகக் கல்கத்தாவில் பணமுடிப்புப் பெற்றார் என்பதும் அவற்றுள் ஒன்று. அமர்நாத் அனைத்தையும் மறுத்து, நீண்ட எழுத்துப்பூர்வமான பதிலைப் பத்திரிகையாளர்களிடம் வெளியிட்டார். வாரியத் தலைவரின் தன்னிச்சையான போக்கையும் அதில் சாடினார். வெள்ளையர் ஆட்சி நீங்கியிருந்தது; மன்னர்களின் செல்வாக்கும் தேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஆட்டக்காரர் எதிர்த்துப் பேசக் கூடாது என்ற மனப்பான்மை மட்டும் நாற்காலி மாறி அமர்ந்திருந்தது. சமரச முயற்சிகளுக்குப் பிறகு அமர்நாத் வருத்தம் தெரிவிக்க, வாரியம் நடவடிக்கையைக் கைவிட்டது.

திரும்பி வந்தவர் தலைவராக அல்லாமல் ஆட்டக்காரராகவே வந்தார். 1952 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் விஜய் ஹசாரே தலைமையில் இங்கிலாந்தை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்று இந்தியா தனது முதல் டெஸ்ட் வெற்றியைப் பதிவு செய்தபோது, அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த சி.டி. கோபிநாத்துடன் அமர்நாத்தும் இருந்தார். 31 ரன் எடுத்தார். 1934-ல் அதே மைதானத்தில் ஆடியவருக்கு அது 18 ஆண்டுக் காத்திருப்பின் நிறைவு.

லாகூர் நண்பர்களுக்கு எதிராக: அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் தனது முதல் டெஸ்ட் தொடரை ஆட இந்தியா வந்தது. தலைமை மீண்டும் அமர்நாத்திடம் அளிக்கப்பட்டது. எதிரணிக் கேப்டன் அப்துல் ஹபீஸ் கர்தார், லாகூர்க்காரர். 1946-ல் அமர்நாத்துடன் ஒரே இந்திய அணியில் ஆடியவர். தில்லி பெரோஸ் ஷா கோட்லாவில் மன்கட்டின் 13 விக்கெட்டுகளால் இந்தியா வென்றது. லக்னோவில் நிலைமை தலைகீழானது. 1947-ல் இந்தியா இழந்த பசல் மகமூத் 12 விக்கெட் எடுத்துப் பாகிஸ்தானுக்கு வெற்றி தேடித் தந்தார். அந்தச் சரிவில் ஆட்டமிழக்காமல் 61 ரன் எடுத்து நின்றவர் அமர்நாத்.

தொடர் 1-1 எனச் சமநிலையில் இருக்க, பம்பாயில் மூன்றாவது டெஸ்ட். 41 வயது கேப்டன் பந்தைத் தாமே எடுத்துக்கொண்டார். 40 ரன்னுக்கு 4 விக்கெட் வீழ்த்தினார். பாகிஸ்தான் 186 ரன்னில் ஆட்டமிழந்தது. இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. எஞ்சிய இரு ஆட்டங்களும் டிராவாக, 2-1 எனத் தொடர் இந்தியாவின் வசமானது. இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. கல்கத்தாவில் நடந்த ஐந்தாவது டெஸ்டே அமர்நாத்தின் கடைசி டெஸ்டாகவும் அமைந்தது.

தேர்வாளர் நாற்காலியில்: வாழ்க்கையின் வினோதங்களுள் ஒன்றாக, 1936-ல் அவரைக் கப்பலேற்றிய விஜி 1954 முதல் 1956 வரை வாரியத் தலைவராக இருந்தார், பின்னர் மக்களவை உறுப்பினராகவும் ஆனார். அவர் வாரியத் தலைவராக இருந்தபோதே 1954-55 பாகிஸ்தான் பயணத்துக்கு அமர்நாத் அணி மேலாளராகச் சென்றார். பழைய பகை அதற்குள் ஆறியிருந்தது.

தேர்வுக் குழுத் தலைவராகவும் அமர்நாத் பணியாற்றினார். 1959 டிசம்பரில் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டுக்கு, குஜராத் அணியைச் சேர்ந்த 35 வயது சுழற்பந்து வீச்சாளர் ஜசு படேலைச் சேர்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். குஜராத் அணிக்காகத் தாமும் ஆடியிருந்ததால் படேலின் திறமை அவருக்குத் தெரிந்திருந்தது. படேல் அந்த ஆட்டத்தில் 14 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி கிட்டியது. பயன்படும் ஆள் எங்கிருந்தாலும் பயன்படுத்த வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. அவரே அப்படித்தான் அணியில் நிலைத்திருந்தார்.

மீண்டும் லார்ட்ஸ்: அவரது புதல்வர்களில் சுரீந்தர், மொகீந்தர் இருவரும் டெஸ்ட் வீரர்கள். சுரீந்தர் 1976-ல் ஆக்லாந்தில் தந்தையைப் போலவே முதல் டெஸ்டில் சதம் அடித்தார். மொகீந்தர் தந்தையிடமிருந்து பெற்றது வேறு: பேட்ஸ்மேன் பணியுடன் மெதுவான மிதவேகப் பந்துவீச்சு. 1983 ஜூன் 25-ம் தேதி, லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மொகீந்தர் 26 ரன் எடுத்ததுடன், 7 ஓவர்களில் 12 ரன் மட்டுமே கொடுத்து 3 விக்கெட் வீழ்த்தினார். கடைசி விக்கெட்டும் அவருடையதே. அரையிறுதியிலும் இறுதியிலும் ஆட்ட நாயகன் விருது அவருக்கே கிடைத்தது. தந்தையைக் காக்கவைத்து அவமதித்த மைதானத்தில், 47 ஆண்டுகள் கழித்து, தந்தையின் இரண்டாவது தொழிலைக் கொண்டே மகன் கோப்பையை வசமாக்கினார். தேர்வாளர்களை வெளிப்படையாக விமர்சித்து மொகீந்தரும் பின்னாளில் சிக்கலுக்கு உள்ளானார் என்பது இந்தக் குடும்பத்தின் மற்றொரு தொடர்ச்சி.

அமர்நாத்துக்கு 1991-ல் பத்மபூஷண் விருதும், 1994-ல் வாரியத்தின் முதல் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதும் வழங்கப்பட்டன. தம்மை இடைநீக்கம் செய்த அமைப்பிடமிருந்தே, அவமதிப்புக்கு ஆளான பயணத்தில் தம்முடன் ஆடியவரின் பெயரிலான விருதை அவர் பெற்றார். 2000 ஆகஸ்ட் 5-ம் தேதி தில்லியில் 88-வது வயதில் காலமானார்.

விளையாட்டு அமைப்புகளின் பூசல்களை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்க வகை செய்யும் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1936-லும் 1949-லும் அமர்நாத் முறையிட அத்தகைய மன்றம் எதுவும் இருக்கவில்லை. குற்றம் சாட்டியவர்களே தண்டனையும் விதித்தனர். அவர் இழந்த ஆட்டங்களை எந்தச் சட்டமும் இனி ஈடுசெய்ய இயலாது. 24 டெஸ்டுகள், ஒரு சதம், 45 விக்கெட்டுகள் என்ற கணக்கைப் படிப்பவர்கள், ஆட விடாமல் தடுக்கப்பட்ட ஆண்டுகளையும் அத்துடன் சேர்த்துப் படிப்பதே அவருக்குச் செய்யும் நியாயமாகும்.